வயிற்றின் மீது வழக்கு

நகரப் பேருந்து, புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிப் பக்கம் செல்வது. மாலை நேரம். ஏறினார் ஓர் அம்மையார். நாற்பதைக் கடந்த அகவை. பருத்த உடல். சாதாரணப் பருமன் அன்று. இரு கரங்களாலும் கம்பியைப் பற்றி, மூச்சை ஒருமுறை நிறுத்தி, மீண்டும் இழுத்து, பிறகே அடுத்த படியில் கால் வைக்க வேண்டிய அளவு. 2021 முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை, அறிவீர்கள். நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டை நீட்டினார். பின் இருக்கையிலிருந்து கிளம்பிற்று ஒரு குரல்:

“காசா பணமா அண்ணே, இரண்டாகவே கிழித்துக் கொடுங்கள்! ஒன்று எப்படிப் போதும்?”

சிரித்தது பேருந்து. சிரித்தேன் நானும்.

குரல் கொடுத்தவர் யார் தெரியுமா, தோழர்களே? கறுப்புச் சட்டைக்காரர்! நம்மவர்! முதல் நாள் மாலை, திலகர் திடலில், “கூனனைக் காட்டி, குருடனைக் காட்டி, முன்வினைப் பயன் என்று கூசாமல் கூறுகிறானே, அவனுக்கு நெஞ்சிருக்கிறதா? நெஞ்சிருந்தால் அதில் ஈரமிருக்கிறதா?” என்று முழங்கியவர். கைதட்டலைக் கனிவுடன் பெற்றுக்கொண்டவர். இருபத்து நான்கு மணி நேரம் ஆகவில்லை. ஈரத்தைப் பற்றிப் பேசிய நாவு, இரண்டு சீட்டுக் கேட்டது.

அம்மையார் எனக்கு அறிமுகமில்லாதவர் அல்லர், அதுதான் வேதனை. எங்கள் தெருவிலேயே தையல் எந்திரம் வைத்துப் பிழைப்பவர். அக்கா என்றே அழைப்பேன். மறுநாள் ரவிக்கைத் துணி கொடுக்க என் துணைவியுடன் சென்றபோது, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டார்: “ஏன் தம்பி, நேற்று நீயும் சிரித்தாயே?”

பதில் இல்லை என்னிடம். இக்கட்டுரை ஓரளவுக்கு அந்தப் பதில்தான்.

அந்த வீட்டில் அப்போது ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. எடை 104 கிலோ. உயரம் 152 சென்டிமீட்டர். மருத்துவர் வகுத்துப் பார்த்துச் சொன்ன உடல் நிறை எண் 45. ஒன்பது ஆண்டுகளாய் நீரிழிவு. முழங்கால் தேய்வு. உறக்கத்தில் மூச்சு அடைபட்டு, இரவில் பலமுறை திடுக்கிட்டு எழும் தொல்லை. எடைகுறைப்பு அறுவை செய்துகொள்ளலாம் என்று கூறியிருக்கிறார் மருத்துவர். கூடிற்று குடும்பம், தொடங்கிற்று விசாரணை.

மாமியார் சொன்னார்: போன பிறவியில் பசித்து வந்தவனுக்குச் சோறில்லை என்று கதவடைத்த பாவம், இந்தப் பிறவியில் உடம்பாய் வந்து ஒட்டிக்கொண்டது, விராலிமலைக்கு நேர்ந்துகொண்டால் விலகும். அண்ணன், பட்டம் பெற்றவர், பள்ளி ஆசிரியர், அவர் சொன்னார்: போன பிறவியாவது, புண்ணாக்காவது! வாயைக் கட்டினால் வயிறு வற்றும். அடக்கமில்லாதவள் அனுபவிக்கிறாள்.

ஊன்றிக் கேளுங்கள் தோழர்களே, இரு வாக்குமூலங்களையும். முன்னது மூடநம்பிக்கை, பின்னது பகுத்தறிவு என்றா எண்ணுகிறீர்கள்? மாமியார் குற்றத்தைப் போன பிறவியில் வைத்தார். அண்ணன் இந்தப் பிறவியில் வைத்தார். ஆண்டு மாறிற்றே தவிர, தீர்ப்பு மாறவில்லை. துன்பப்படுகிறவரே துன்பத்துக்குக் குற்றவாளி. ஆகவே பார்த்துக்கொண்டிருப்பவர்க்குப் பொறுப்பில்லை. வினைக் கோட்பாட்டின் வேலையே இதுதானே! விதியின் பெயரால் செய்தாலென்ன, ஒழுக்கத்தின் பெயரால் செய்தாலென்ன?

“அதிகம் தின்றால் பருமன் வரும் என்பது அறிவியல் அன்றோ?” என்று கேட்பீர்கள். ஆம். உட்கொண்டது செலவிட்டதை மிஞ்சினால், மிச்சம் கொழுப்பாகும். மறுக்கவில்லை. ஆனால் ஏன் ஒருவருக்கு இரண்டு இட்டிலியில் அடங்கும் பசி, மற்றொருவருக்கு ஆறிலும் அடங்குவதில்லை? ஒரே பந்தியில், ஒரே இலையில் உண்ட உடன்பிறப்புகளில் ஒருவர் ஒல்லி, ஒருவர் பருமன் ஆவதேன்? கேள்வியை இங்கே நிறுத்துவதுதான் சோம்பல். தட்டைப் பார்ப்பவன் உடலுக்குள்ளும் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள் ஆய்வாளர்கள். 1986 இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் அவர் குழுவினரும், டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் எடையை ஆராய்ந்தனர். வளர்த்த பெற்றோரின் எடையோடு அவர்கள் எடை ஒத்துப்போகவில்லை. கண்ணால் கூடக் காணாத, பெற்ற பெற்றோரின் எடையோடு ஒத்துப்போயிற்று. சோறு போட்ட கை ஒன்று; உடலை வகுத்த மரபணு வேறு! 1994 இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் ஆய்வுக்கூடம் லெப்டினைக் கண்டது. “சேமிப்பு போதும்” என்று கொழுப்புத் திசு மூளைக்கு எழுதும் கடிதம் அது. 1999 இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா இருவரும் கிரெலினைக் கண்டனர்; “இன்னும் கொண்டு வா” என்று இரைப்பை எழுதும் கடிதம் இது. எடை குறைக்கப் பட்டினி கிடப்பவரிடம் என்ன நிகழ்கிறது? முதல் கடிதம் குறைகிறது. இரண்டாம் கடிதம் குவிகிறது. உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணுகிறது பாவம், அந்த உடல்! மன உறுதி என்று நாம் போற்றுவது, சிலருக்குத் திறந்த கதவைத் தள்ளுவது. சிலருக்கு வெள்ளத்தை எதிர்த்து நீந்துவது. கரையில் நின்று இருவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது நீதியா?

பஞ்சம் என்றேன். புதுக்கோட்டை மண்ணில் நின்று பசியைப் பேசாமல் பருமனைப் பேச முடியாது. வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிரம்பினால் வாழ்வு. நிரம்பாவிட்டால் வரகும் கேழ்வரகும் கூட அளந்து உண்ணும் நாட்கள். பசிக்கும் பருமனுக்கும் பகை என்று எண்ணுகிறோம். உறவு உண்டு என்கிறது ஆய்வு. 1944-45 குளிர்காலத்தில், நாஜிப் படையின் தடையால் டச்சு நாட்டில் பஞ்சம். அப்போது கருவின் முற்பாதியில் இருந்து, பிற்பாடு பிறந்த ஆண்களைப் பத்தொன்பதாம் அகவையில் எடையிட்டனர். மற்றவர்களைவிட அவர்களிடையே பருமன் மிகுதி! 1976 இல் வெளிவந்த முடிவு இது. அப்படிப்பட்ட உடல்களின் முன்தான் நாம் இன்று வெள்ளை அரிசியைக் குவிக்கிறோம், பாமாயிலை ஊற்றுகிறோம், ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் உப்பும் எண்ணெயும் அடைத்துப் பெட்டிக்கடை வாசலில் மாலையாகத் தொங்கவிடுகிறோம். அரிசி வந்ததால் பட்டினி போயிற்று. அதைக் குறை கூறுபவன் பசி அறியாதவன். ஆனால் பருப்பும் காயும் பழமும் அரிசியோடு கூடவே வந்தனவா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவை வரையுள்ள மகளிரில் நூற்றுக்கு நாற்பது பேர் மிகு எடையினர். நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் ஒழுக்கம் கெட்டுவிட்டதா?

அதிலும் பெண்ணின் நிலை தனி. எல்லோரும் உண்டபின் மிச்சத்தை, வீணாகக் கூடாதே என்று வழித்து உண்பவள் அவள். விடியலில் நடைபயிற்சி செல்ல அண்ணன் அறிவுரை கூறுகிறார். எந்தத் தெருவில் நடப்பது? இரண்டு சீட்டுக் கேட்கும் அந்தக் குரல் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறதே! 1991 இல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் கற்றனர் பெண்கள். பல்லாயிரவர்! ஏளனம் பேசியவர்கள் அன்றும் இருந்தனர்; மிதித்த கால்கள் நிற்கவில்லை. ஆனால் அன்று ஒருத்தி தனியாகச் செல்லவில்லை. ஊரே திரண்டு சென்றது. தனி ஒருத்தியை அதிகாலையில் தெருவில் இறக்கிவிட்டு, “உன் மன உறுதியைக் காட்டு” என்பது வேறு.

இனி, கத்திக்கு வருவோம்.

1954 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சிறுகுடலின் பெரும்பகுதியை உணவுப் பாதையிலிருந்து விலக்கும் அறுவை அறிவிக்கப்பட்டது. எடை குறைந்தது, கூடவே கல்லீரல் கெட்டது, சிறுநீரகக் கல் வந்தது, மாண்டவரும் உண்டு. கைவிட்டனர். மறைக்காமல் சொல்கிறேன், அறிவியல் தன் பிழையைத் தானே அழித்தெழுதும், வேதம் அழிக்காது. அந்த வேறுபாட்டை மேடையில் பேசும் நாம், பிழையையும் சேர்த்தே பேச வேண்டும். 1966 இல் அயோவாவில் எட்வர்டு மேசன், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸ் முறையைத் தொடங்கினார். இன்று மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் என்னும் முறை: இரைப்பையின் முக்கால் பங்கையும் சற்று மிகுதியையும் நெடுக்கில் அறுத்து அகற்றி, மிச்சத்தைக் குழாய்போல் விடுவது. வயிற்றைப் பிளப்பதில்லை, சிறு துளைகள் வழியே குழல் செலுத்திச் செய்வது. பை சிறுத்ததால் உணவு குறைகிறது என்பது பாதி உண்மைதான். கிரெலின் பெரிதும் சுரப்பது அகற்றப்பட்ட அந்தப் பகுதியில். கடிதம் எழுதும் கையே குறைந்துவிடுகிறது. பைபாஸ் செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகள் பலருக்கு, எடை இறங்குமுன்னரே, சில நாட்களில் சர்க்கரை இறங்குவதையும் மருத்துவர்கள் கண்டுள்ளனர்.

பலன்? சுவீடனில் 1987 இல் தொடங்கிய நீண்ட ஆய்வு ஒன்று. அறுவை செய்துகொண்டோர் 2010 பேர். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோர் 2037 பேர். ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 2007 இல் கணக்கை வெளியிட்டனர். முதல் அணியில் இறந்தவர் 101. இரண்டாம் அணியில் 129. பைபாஸ் செய்துகொண்டவர்கள் பத்தாண்டு கடந்தும் தம் எடையில் கால் பங்கு குறைந்தே இருந்தனர். அறிவுரை மட்டும் பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். குலுக்கிப் போட்டுப் பிரித்த ஆய்வன்று இது என்ற குறை உண்டு. ஆனால் வாயைக் கட்டு, வயிறு வற்றும் என்ற அண்ணனின் மருந்துக்கு இதனைவிடத் தெளிவான மதிப்பெண் கிடையாது.

விலையும் உண்டு. அறுவைக்குப் பின் முப்பது நாட்களில் உயிரிழந்தவர் ஆயிரத்துக்கு மூவர் என்றது 2009 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. தையலில் கசிவு ஏற்படலாம், இரத்தம் உறையலாம். பி12, இரும்பு, கால்சியம் ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் மாத்திரையாக விழுங்க வேண்டும். விருந்தில் கைப்பிடிச் சோற்றோடு எழ வேண்டும். சிலருக்கு எடை மீண்டும் ஏறும். சிலருக்கு உடல் சுருங்கியும் உள்ளச்சோர்வு விடாது. 2024 ஏப்ரலில், சென்னைப் புறநகர்த் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு எடைகுறைப்பு அறுவைக்காகச் சென்ற புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு குழு அமைத்து விசாரித்தது. அம்மருத்துவமனையின் பதிவை நிறுத்தி வைத்தது. அழகுக் களிம்புக்கு விளம்பரம் செய்வதுபோல் அறுவைக்கு விளம்பரம் செய்யும் காலம் இது. கத்தியை எதிர்க்கவில்லை நான். கத்தியைச் சந்தைப் பொருளாக்குவதை எதிர்க்கிறேன்.

“நோயற்ற உறுப்பை வெட்டுவது இயற்கைக்கு மாறானது” என்பார் உளர். இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது. அம்மை குத்த வந்தபோது ஆத்தாளின் சீற்றம் என்றது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை வந்தபோது ஆண்டவன் கட்டளைக்கு எதிர் என்றது. இயற்கை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எளிது. சுகப்பேறு நிகழாத தாயின் வயிற்றைக் கீறுவதும் இயற்கை அன்றுதான். தாயும் சேயும் பிழைக்கிறார்களே!

ஆயினும் எதிர்த்தரப்பில் வலிவான வாதம் ஒன்று உண்டு. அதை எதிரியிடமிருந்து வரட்டும் என்று காத்திராமல் நானே வைக்கிறேன். குற்றவாளி உணவுச் சந்தை; குற்றவாளி விளையாட்டுத் திடலை விழுங்கிய ஊர்; குற்றவாளி பெண்ணை அடுப்படியிலும் தையல் எந்திரத்திலும் கட்டிப் போட்ட வழக்கம். தண்டனை மட்டும் அந்தப் பெண்ணின் இரைப்பைக்கா? சமுதாயத்தை அறுக்க வேண்டிய இடத்தில் தனிமனிதரை அறுத்துவிட்டு, தீர்த்துவிட்டோம் என்று கை கழுவுவது சீர்திருத்தமா?

பல இரவுகள் எண்ணிப் பார்த்தேன் இதனை. வாதம் உண்மை, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு உண்மையன்று. ஆற்றில் பாலம் கட்டாதது ஊரின் குற்றம். அதற்காக, மூழ்குபவரிடம், “பாலம் கட்டும்வரை பொறு, கயிறு வீசினால் ஊரின் குற்றம் மறைந்துவிடும்” என்று கூறுவதா? கயிறும் வீச வேண்டும், பாலமும் கட்ட வேண்டும். அவருக்கு இருப்பது ஓர் உயிர்; அது நம் கொள்கைக்குச் சான்றுப் பொருளாகக் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. அறுவை வேண்டாம் என்று, எல்லாம் அறிந்து, அவரே மறுத்தால் அதுவும் அவர் உரிமை. மாமியாருக்கும் அண்ணனுக்கும் கட்டுரையாளனுக்கும் அந்த வழக்கில் வாக்கில்லை.

அண்ணா 1968 இல் அறுவைக்காக நியூயார்க் சென்றார். அவருக்கிருந்த வெற்றிலை, பொடிப் பழக்கம் நாடறிந்தது. “பழக்கத்தால் வந்திருந்தால் அனுபவிக்கட்டும், அறுவை எதற்கு?” என்று எவரேனும் கேட்டாரா? கேட்டிருந்தால் நாம் பொறுத்திருப்போமா? நாடே கண்ணீருடன் காத்திருந்தது. நம் அன்புக்குரியவரிடம் நோயின் காரணத்தைத் தேடினோம், குற்றத்தைத் தேடவில்லை. அந்த நீதியைத் தையல்கார அக்காவுக்கு வழங்க மட்டும் ஏன் நமக்குக் கை நீளவில்லை?

காசில்லாதவர் என்பதாலோ? 1991 இல் அமெரிக்க மருத்துவர் குழு வகுத்த எல்லை: உடல் நிறை எண் 40, அல்லது கடும் உடனோய்களுடன் 35. 2022 இல் உலக அறுவை மருத்துவர் அமைப்புகள் அதைத் தளர்த்தி, ஆசிய மக்களுக்கு 27.5 இலிருந்தே கருதலாம் என்றன. நம் உடலில் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால். 2019 இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்காணையம் இட்ட விதிப்படி, பழைய எல்லைக்குள் வரும், 18 அகவை நிரம்பிய ஒருவருக்கு மருத்துவர் பரிந்துரைத்தால், பருமன் என்ற காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தட்டிக் கழிக்க முடியாது. நல்ல விதி. ஆனால் தவணை கட்டிக் காப்பீடு வாங்கியவர்க்கன்றோ அது! பசியை அடக்கும் புதிய ஊசி மருந்துகளும் 2025 இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் விலை சொல்லித்தான் வந்தன. பருமன் இன்று ஏழை வீட்டிலும் இருக்கிறது; மருத்துவம் மட்டும் இன்னும் மாளிகைத் தெருவிலேயே இருக்கிறது. 2017 இல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெருமைதான். இந்த அறுவையை, அதற்கு முன்னும் பின்னும் வேண்டிய உணவு வல்லுநர், உளவியல் துணை எல்லாவற்றோடும், மாவட்டந்தோறும் பொது மருத்துவமனையில் கிடைக்கச் செய்க என்று கேட்க நமக்கு வாயில்லையா?

“எத்தனையோ நோயிருக்க, தின்று பெருத்தவர்க்கா அரசுப் பணம்?” என்பீர்களாயின், இதே மண்ணின் மகளை நினைவூட்டுவேன். 1886 இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. பெண் எதற்கு ஆண்கள் கல்லூரிக்கு என்ற கூச்சலை மீறி மன்னர் கல்லூரியில் பயின்று, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 இல் பட்டம் பெற்றார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்நோய்க்கென மருத்துவமனை வேண்டும் என்று கேட்டபோது, சாகப் போகிறவர்க்கு எதற்குச் செலவு என்று கேட்ட பெரியவர்கள் இருந்தனர். 1954 இல் அடையாற்றில் ஓலைக் குடில்களில் திறந்தார். எந்த நோய் இரக்கத்துக்குரியது, எந்த நோய் ஏளனத்துக்குரியது என்ற பட்டியலை மருத்துவம் எழுதவில்லை. நாம்தான் எழுதுகிறோம், நாம்தான் அழிக்க வேண்டும்.

நம் வீட்டுக் குப்பை ஒன்றும் உண்டு. நம் ஏடுகளின் கேலிச் சித்திரங்களைப் புரட்டுங்கள்: சுரண்டுபவனுக்குத் தொந்தி, புரோகிதனுக்குத் தொந்தி, பதுக்கல்காரனுக்குத் தொந்தி. உழைப்பவன் எலும்பும் தோலும். பசித்த நாட்டில் அச்சித்திரத்துக்கு ஒரு பொருள் இருந்தது; ஒத்துக்கொள்கிறேன். இன்று பதுக்கல்காரர் உடற்பயிற்சிக் கூடம் சென்று ஒட்டிய வயிற்றோடு உலவுகிறார். சத்துணவுக் கூடத்தில் சமைத்துக் களைத்தவர் பருமனாயிருக்கிறார். சித்திரம் மட்டும் மாறவில்லை. பின் இருக்கைத் தோழருக்கு அந்தச் சிரிப்பைக் கற்பித்ததில் நம் பேனாக்களுக்கும் பங்குண்டு, என் பேனாவுக்கும்.

அவரை அடுத்த வாரம் படிப்பகத்தில் கண்டேன். அக்காவின் பெயர் கூறாமல் நடந்ததை மட்டும் கூறினேன். சற்று நேரம் செய்தித்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை, அண்ணே” என்றார். நானும் யோசிக்கவில்லை என்றேன்.

அக்கா முடிவெடுத்துவிட்டார். தீபாவளித் தையல் முடிந்ததும் திருச்சி செல்கிறார், இரத்தமும் இதயமும் சோதித்துக்கொள்ள. நகையில் பாதி அடகுக்குப் போயிற்று. மாமியார் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறார், அக்கா தடுக்கவில்லை. அண்ணன் இன்னும் பேசவில்லை. மருத்துவமனையில் உடன் தங்க யார் வருவது என்பதுதான் பாக்கி; என் துணைவி இரண்டு நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.